வேதியியல் டீச்சர் ஆக பி.எட். மட்டும் போதுமா? சேலத்துத் தங்கை ஒருவருக்கு விரிவான பதில்

கேட்டவர் சேலம் அம்மாபேட்டைக்காரத் தங்கை. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஒரு வருடமாக ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் லேபில் வேலை பார்க்கிறார். பள்ளியில் வேதியியல் நடத்த வேண்டும், முடிந்தால் ஏற்காட்டு மலைப் பள்ளி ஒன்றில் நடத்த வேண்டும் என்பது ஆசை. பி.எட். மட்டும் போதுமா, எம்.எஸ்சி. படிக்கத்தான் வேண்டுமா, டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டுமா, கையில் இருக்கும் வேலையை இப்போதே விடலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக அரசுப் பள்ளியில் இருக்கிறேன். பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்து, பதவி உயர்வில் வேதியியல் முதுகலை ஆசிரியை ஆனவள். நடுவில் ஐந்து வருடம் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைமேல் வேலை பார்த்தேன். அதனால் உங்கள் கேள்விகளில் எதையும் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

தங்கை, முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் வேதியியல் என்று தனிப்பாடம் பதினொன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு வரை அது அறிவியல் புத்தகத்துக்குள் ஒரு பகுதி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அணுக்களும் மூலக்கூறுகளும், தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு, கரைசல்கள், வேதிவினைகளின் வகைகள், கார்பனும் அதன் சேர்மங்களும் என்று வேதியியலுக்கு ஐந்தே பாடங்கள். மற்றதெல்லாம் இயற்பியலும் உயிரியலும். பி.எஸ்சி., பி.எட். முடித்து வேதியியல் பட்டதாரி ஆசிரியராகப் போகிறவர் அந்த ஐந்தை மட்டும் நடத்திவிட்டு உட்கார முடியாது. ஒளியின் விலகலும் அவர் நடத்த வேண்டும், அட்டையின் உடலமைப்பும் அவர்தான் வரைந்து காட்ட வேண்டும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல்முதலாக ஒரு சோதனைக்குழாயைக் கையில் கொடுக்கிற பாக்கியம் பட்டதாரி ஆசிரியருக்குத்தான் உண்டு. ஆனால் உங்கள் மனத்தில் இருப்பது மோல் கணக்கு, கரிம வினைகள், செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரத்து லேப் பரபரப்பு என்றால், நீங்கள் தேடுவது முதுகலை ஆசிரியர் பணி. அதற்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இரண்டும் வேண்டும். நிறைய பேர் இந்த வித்தியாசம் தெரியாமலே பி.எட். சேர்ந்து, முடித்த பிறகு, 'மேல்நிலை வகுப்புக்கு எடுக்க மாட்டார்களாமே' என்று வந்து நிற்பார்கள்.

ஆக, வாசல் இரண்டு. முதல் வாசல் பட்டதாரி ஆசிரியர்: பி.எஸ்சி., பி.எட்., டெட் இரண்டாம் தாள் தேர்ச்சி, அதன் பிறகு தனியாக ஒரு நியமனத் தேர்வு. டெட் பாஸ் செய்தால் வேலை என்ற காலம் முடிந்துவிட்டது. 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு டெட் என்பது தகுதி மட்டுமே. வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். அந்த வகையில் பட்டதாரி ஆசிரியர் தேர்வு 2024 பிப்ரவரி 4 அன்று நடந்தது. இரண்டாம் வாசல் முதுகலை ஆசிரியர்: எம்.எஸ்சி., பி.எட்., ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. இதற்கு டெட் வேண்டாம். டெட் கல்வி உரிமைச் சட்டத்தின் வழியாக வந்தது. அது எட்டாம் வகுப்பு வரைக்குமான தகுதி.

சம்பள விகிதத்தில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி கிடையாது. பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது, முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாயில். அதனால் சம்பளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்த வயதுப் பிள்ளைகளோடு இருக்க ஆசை, எந்தப் பாடத்தோடு இருக்க ஆசை என்பதை வைத்து முடிவெடுங்கள்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு எம்.எஸ்சி. முதலில், பி.எட். பிறகு. இதற்குக் காரணம் உண்டு. முதுகலைத் தேர்வில் 150 கேள்விகளில் 110 பாடத்திலிருந்து, 30 கல்வியியலிலிருந்து, 10 பொது அறிவிலிருந்து. அந்த 110-இல்தான் வாழ்வும் சாவும். குவாண்டம் வேதியியல், குழுக் கோட்பாடு, நிறமாலையியல், முப்பரிமாண வேதியியல் எல்லாம் எம்.எஸ்சி. வகுப்பில் உட்கார்ந்து படிக்காமல் பயிற்சி மையக் குறிப்பில் மட்டும் வராது. பி.எஸ்சி. முடித்த சூடு ஆறுவதற்குள் எம்.எஸ்சி.க்குள் போய்விட்டால் அடித்தளம் கலையாது. நடுவில் பி.எட்.டுக்காக இரண்டு வருடம் பாடத்தை விட்டு விலகினால், திரும்பி வரும்போது வெப்ப இயக்கவியல் சமன்பாடுகள் அந்நிய மொழியாகத் தெரியும். நான் பி.எட். முதலில் படித்தவள். எம்.எஸ்சி. முதல் பருவத்தில் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

ஆனால் வீட்டில் உங்கள் வருமானம் சீக்கிரம் வேண்டும் என்ற நிலை இருந்தால் கதை வேறு. அப்போது பி.எட். முதலில் முடித்து, ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்ந்துகொண்டு, டெட் எழுதிவிட்டு, பிறகு எம்.எஸ்சி. போகலாம். அதிலும் தவறில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: எம்.எஸ்சி. வேதியியலைத் தபால் வழியில் படிக்க வேண்டாம். பியூரெட் பிடித்துப் பழகாத கையோடு பன்னிரண்டாம் வகுப்பு லேபுக்குள் நுழைந்தால் முதல் நாளே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

எம்.எஸ்சி.க்கு நீங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. 1857-இல் தொடங்கிய சேலம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கருப்பூரில் 1997-இல் வந்த பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசுக் கல்லூரியின் கட்டணத்துக்கும் தனியார் கட்டணத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், அதனால் அரசுக் கல்லூரி விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு எம்.எஸ்சி. உயிர்வேதியியல் போனால் வாசல் அடைபடும். அதே மாதிரி 'பயன்பாட்டு வேதியியல்', 'தொழில் வேதியியல்' என்று வேறு பெயரில் பட்டம் இருந்தால், அது வேதியியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா எனச் சேர்வதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் உட்கார்ந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேர்வில் நல்ல மதிப்பெண், ஆனால் பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடுதல்.

இனி பி.எட். என் காலத்தில் அது ஒரு வருடப் படிப்பு. 2015-16 முதல் இரண்டு வருடம். தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் வேண்டும். அரசுக் கல்வியியல் கல்லூரிகள் மாநிலத்தில் ஏழே ஏழு, அரசு உதவி பெறுபவை பதினான்கு. இவற்றுக்கு ஒற்றைச் சாளர முறையில் சேர்க்கை. உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் அரசுக் கல்லூரி குமாரபாளையத்தில், பவானிக்கு எதிர்க்கரையில். சேலத்துக்குள்ளேயே ஃபேர்லேண்ட்ஸில் பெண்களுக்கான சாரதா கல்வியியல் கல்லூரி உண்டு. இந்த இரண்டையும் மனத்தில் முதலில் வையுங்கள். கிடைக்கவில்லை என்றால் மட்டும் தனியார் கல்லூரி. அங்கேயும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும், ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் நீங்கள் சேரும் வருடத்துக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

'கல்லூரிக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்' என்று ஆசை காட்டும் இடங்கள் உண்டு, மாநிலத்துக்கு வெளியிலும் உண்டு. என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அப்படி ஒன்றில் சேர்ந்து, கட்டிய பணமும் போய், சான்றிதழைக் கையில் வாங்கவே மூன்று வருடம் அலைந்தாள். விதிப்படி வகுப்புகளுக்கு 80 சதவீதமும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை வேண்டும். அந்த விதி உங்களைத் தொல்லை செய்யப் போட்டதல்ல. இரண்டு வருடத்தில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்; முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. பி.எட்.டில் உண்மையிலேயே நீங்கள் ஆசிரியர் ஆவது அந்த 16 வாரத்தில்தான். மற்றபடி உளவியல், கலைத்திட்டம், நுண்நிலை கற்பித்தல், ரெக்கார்டு நோட்டு, பாடத்திட்டக் குறிப்பு எல்லாம் தேவையானவைதான், உழைத்தால் முடிந்துவிடும். வேதியியல் படித்தவர்களுக்குக் கற்பித்தல் பாடம் 'பிசிக்கல் சயின்ஸ்' என்ற பெயரில் வரும், அதாவது இயற்பியலும் சேர்ந்தே.

அந்தப் பயிற்சி வாரங்களைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. நம் ஊரில் பிறந்த ஒரு பெண்ணுக்கு வேதியியல் நடத்துவதற்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்பது என் நம்பிக்கை.

மோல் கணக்கு என்றால் பிள்ளைகள் ஏன் மிரள்கிறார்கள்? கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எண்ணச் சொல்கிறோம், அதுதான் காரணம். நான் வெள்ளைக்கல்லில் இருந்து தொடங்குவேன். கருப்பூர், ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் வெள்ளையாய்க் கிடக்கிற மேக்னசைட் மேடுகளைப் பார்க்காத சேலத்துப் பிள்ளை உண்டா? அது மக்னீசியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்விட்டு மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். இரும்பு உருக்கும் உலைக்குள் பதிக்கும் நெருப்புச் செங்கல்லுக்கு அதுதான் மூலப்பொருள். கணக்கு இப்படி: மக்னீசியம் 24, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்று பதினாறு 48, ஆக 84. சுட்ட பிறகு மிஞ்சுவது 24-ம் 16-ம் சேர்ந்து 40. '84 டன் கல்லைச் சூளையில் போட்டால் 40 டன்தான் திரும்பி வரும். மீதி 44 டன்னை யார் திருடியது?' என்று கேட்டால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். யாராவது ஒரு பையன் 'காத்துல போயிருச்சு டீச்சர்' என்பான். அன்றைக்கு மோல் கணக்கு பாதி முடிந்த மாதிரி.

அதே கல்லை லேபுக்குக் கொண்டுவந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். பெரிதாகப் பொங்காது. பக்கத்திலேயே சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் விட்டால் சடசடவென்று நுரைக்கும். இரண்டும் கார்பனேட்தானே, ஏன் இப்படி? மேக்னசைட்டைப் பொடித்துக் கொஞ்சம் சூடாக்கினால் அதுவும் நுரைக்கும். வினைவேகத்தை எந்தக் காரணிகள் மாற்றுகின்றன என்ற பாடம் முழுக்க இந்த ஒரு தட்டில் இருக்கிறது.

நீங்கள் ஜவ்வரிசி ஆலையில் இருப்பதால் மாவுச்சத்தும் அயோடினும் உங்களுக்குத் தினசரி வேலை. ஆனால் கிழங்குப் பாலில் ஒரு சொட்டு அயோடின் விட்டு, நீலக்கறுப்பு வந்ததும் அந்தக் குழாயைச் சூடாக்கி, நிறம் மறைந்து, ஆறியதும் திரும்பி வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாருங்கள். அதைப் பார்க்கும் கண்களுக்காகத்தான் நான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் அப்பா கொலுசு செய்கிற பிள்ளைக்கு, கறுத்துப்போன வெள்ளி என்பது வெள்ளி சல்பைடு என்று சொல்லி, அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சோடா மாவு போட்ட வெந்நீரில் வைத்து வெளுக்க வைத்துக் காட்டினால், ஆக்சிஜனேற்றம் ஒடுக்கம் அவன் வீட்டுச் சொத்தாகிவிடும். மாங்காய் சீசனில் கார்பைடு கல்லைப் பற்றிப் பேசாமல் அசிட்டிலீன் பாடத்தை முடிக்க எனக்கு மனம் வந்ததே இல்லை. ஏற்காட்டு மலையில் வெட்டிய பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. உலோகவியல் பாடத்துக்கு அது ஒன்று போதும்.

மலைமேல் எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்கிறேன். முதல் வருடம், ஒன்பதாம் வகுப்பு. தண்ணீரின் கொதிநிலையை அளந்து காட்டினேன். வெப்பமானி 95-இல் நின்றுவிட்டது. கொதிக்கிறது, குமிழ் பொங்குகிறது, பாதரசம் ஏற மறுக்கிறது. 'வெப்பமானி பழுது போல, புத்தகத்தில் 100 என்று இருக்கிறது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கொதிநிலை குறையும். 95 என்பது சரியான விடை. பழுது என்னிடத்தில்தான். மறுநாள் வகுப்பில் அதை அப்படியே ஒப்புக்கொண்டு, கீழே சேலத்தில் ஏறக்குறைய 99, மேலே 95, ஏன் என்று கேட்டேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண், 'அதனாலதான் டீச்சர் எங்க ஊட்ல பருப்பு வேகறதுக்கு இம்புட்டு நேரம் ஆகுது' என்றாள். வளிமண்டல அழுத்தத்தை அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. பயிற்சி வாரங்களில் உங்கள் பாடத்திட்டக் குறிப்பில் இந்த மாதிரி ஒன்றிரண்டாவது இருக்கட்டும். மாதிரிக் குறிப்பைப் பார்த்து எழுதுவது எளிதுதான், ஆனால் வகுப்பில் அது உங்களுக்குக் கை கொடுக்காது.

தேர்வுகளுக்கு வருகிறேன். டெட் இரண்டாம் தாள் 150 மதிப்பெண்: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் 60. பொதுப் பிரிவுக்கு 90 மதிப்பெண் தேர்ச்சி, மற்றவர்களுக்குச் சலுகை உண்டு. சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். முதுகலை ஆசிரியர் ஆவதுதான் இலக்கு என்றாலும் டெட்டை எழுதி வையுங்கள் என்பேன். 2012-இல் தொடங்கியதிலிருந்து அது வருடம் தவறாமல் நடந்ததே இல்லை. அதனால் அறிவிப்பு வந்தால் விடக்கூடாது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று தீர்ப்பு சொன்ன பிறகு, ஐம்பதை நெருங்கும் என் சக ஆசிரியர்கள் ராத்திரி உட்கார்ந்து படிக்கிறார்கள். உங்கள் வயதில் அது அத்தனை பாரமாக இருக்காது. ஆறு முதல் பத்து வரை கணக்கு, அறிவியல் பள்ளிப் புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். வழிகாட்டி நூல் அதற்குப் பிறகு.

முதுகலைத் தேர்வில் 2025-இல் ஒரு மாற்றம் வந்தது. அக்டோபர் 12 அன்று நடந்த அந்தத் தேர்வில் பாடத்தாளுக்கு முன்னால் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள்: 30 கேள்வி, 50 மதிப்பெண், 40 சதவீதம் எடுக்க வேண்டும். அதில் தவறினால் உங்கள் வேதியியல் விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அறிவியல் படித்தவர்கள் இதை அலட்சியமாக விடுவதைப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இலக்கணத்தோடு ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள். பாடத்தாளில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை, எதையும் விடாமல் நிரப்பலாம். வயதைப் பற்றிய பயமும் வேண்டாம். பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 வரை வரம்பு. ஒரு முறை தவறினால் அடுத்த அறிவிப்பு வரக் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

படிக்கும் முறையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. எம்.எஸ்சி. பாடத்தைத் தொடும் முன் பதினொன்று, பன்னிரண்டு வகுப்பு வேதியியல் புத்தகங்கள் நான்கையும், பின்பக்கக் கணக்குகளோடு சேர்த்து, கையால் எழுதி முடியுங்கள். தேர்வுக்கும் உதவும், வேலைக்குப் போன முதல் வாரத்திலும் உதவும்.

மத்தியப் பள்ளிகளைப் பற்றிச் சிலர் சொல்லியிருப்பார்கள். கேந்திரிய வித்யாலயாவில் முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யில் 50 சதவீதமும் பி.எட்.டும் வேண்டும். ஆனால் அங்கே பட்டதாரி அறிவியல் ஆசிரியர் ஆக வேண்டுமானால் இளநிலையில் தாவரவியல், விலங்கியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். இயற்பியலும் கணிதமும் துணைப்பாடமாக எடுத்த நம் பி.எஸ்சி. வேதியியல் பிள்ளைகள் அங்கே அடிபட்டுப் போகிறார்கள். அதுவும் எம்.எஸ்சி. பக்கம் உங்களைத் தள்ளுவதற்கு இன்னொரு காரணம். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கை யாராவது இதே ஆசையோடு இருந்தால், மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனத்தில் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பு இருப்பதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் உண்டு.

மலைப் பள்ளி ஆசையைக் கேட்டு எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. பெரும்பாலானவர்கள் ஏற்காடு கிடைத்தால் அடுத்த இடமாறுதல் கலந்தாய்விலேயே கீழே இறங்கப் பார்ப்பார்கள். மேலே இரண்டு வகை அரசுப் பள்ளிகள் உண்டு. ஒன்று நம் பள்ளிக் கல்வித் துறையின் பள்ளிகள். இன்னொன்று பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள். அங்கே பிள்ளைகள் விடுதியிலேயே தங்குவார்கள். இது போக, மத்திய அரசின் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகளுக்கு வேதியியல் முதுகலை ஆசிரியர்களை அகில இந்தியத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அதில் தேர்வானால் எந்த மாநிலத்துக்கும் போகத் தயாராக இருக்க வேண்டும்.

சேர்வராயன் மலைப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டுகிறவர்கள் நிறைய. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழும். அப்போது திட்டினால் பிள்ளை நிரந்தரமாக நின்றுவிடும். வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். நான் ஒரு பெண்ணைத் திரும்ப அழைத்துவர மூன்று முறை ஒற்றையடிப் பாதையில் நடந்திருக்கிறேன். இன்று அவள் செவிலியர்.

வசதிக் குறைவையும் மறைக்காமல் சொல்கிறேன். லேபில் பியூரெட் உடைந்தால் மறுநாளே வராது. மழைக்காலத்தில் மூடுபனியில் கரும்பலகை வியர்க்கும், நீர் உறிஞ்சும் உப்புகள் புட்டியிலேயே கரைந்து கிடக்கும். நீரற்ற கால்சியம் குளோரைடை நான் நம்பி வைத்ததே இல்லை. கடைசிப் பேருந்தை விட்டால் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் மேலே மாட்டிக்கொள்வீர்கள். அதனால் தினம் ஏறி இறங்காமல் மேலேயே வீடு பார்த்துத் தங்குவது நல்லது. தங்கினால்தான் மாலையில் பிள்ளைகளோடு இருக்க முடியும், உறைவிடப் பள்ளியில் பாதிப் படிப்பு நடப்பது அந்த நேரத்தில்தான்.

உங்கள் கடைசிக் கேள்வி: ஜவ்வரிசி ஆலை வேலையை இப்போதே விடலாமா? வேண்டாம். எம்.எஸ்சி. சேர்க்கை உறுதியாகும் வரை இருங்கள். பிறகு இரண்டு வருடம் முழுநேரம் படியுங்கள், அது முடிந்ததும் பி.எட். இரண்டு வருடம். கணக்குப் போட்டால் நான்கு வருடம், கூடவே தேர்வுக்கு ஒரு வருடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பி.எட். முடித்த கையோடு தனியார் பள்ளியில் சேரலாம். சம்பளம் குறைவாக இருக்கும், ஆனால் வகுப்பறைப் பழக்கம் வரும். தேர்வுக்கு ஆறு மாதம் முன்னால் அதையும் விட்டுவிடுங்கள். முழுநாள் வகுப்பெடுத்துவிட்டு ராத்திரி குழுக் கோட்பாடு படிக்க யாராலும் முடியாது.

இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டச் சான்றிதழ் மூன்றிலும் உங்கள் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். சாதிச் சான்று உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வகுப்பு தொடங்கிப் பட்டம் வரைக்கும் தமிழ்வழியில் படித்தவராக இருந்தால், தமிழ்வழிச் சான்றிதழை ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் இப்போதே வாங்கி வையுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, பணியின் தகுதிப் படிப்பையும் தமிழ்வழியில் முடித்திருந்தால் அது பொருந்தும். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்துக்குத் தேர்வு முடிவு வந்த பிறகு ஓடினால் நேரம் இருக்காது. எந்த வழியில் படித்தீர்கள், துணைப்பாடம் என்னென்ன என்று எழுதினால், உங்களுக்கு எது பொருந்தும் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.